விழுப்புரத்தைத் தாண்டாத சவுரிராயன்

திண்டிவனத்துக்கு வடக்கே, ஒலக்கூர் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே இருந்த ரயில்வே கேட்டில் ஒரு நாள் ஒரு துரையின் கார் வந்து நின்றது. கேட்டு மூடியிருந்தது. துரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பட்லர் இறங்கி வந்து, கேட்டுக்காரன் சவுரிராயனிடம் நெருப்புப் பெட்டி வாங்கி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஊட்டியின் குளிரையும் ஏரியையும் பற்றிப் பேச ஆரம்பித்தார். சவுரிராயன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"எல்லாம் சரிங்க. விழுப்புரம் போயிருக்கீங்களா?"

"வண்டி மாத்த எறங்கியிருக்கேன். வெயிலு மண்டையப் பொளக்கும். ஈ மொய்க்கும். அது ஒரு ஊரா?"

அன்றைக்கு மெயில் வண்டி போய் அதன் புகையும் கலைந்து வெகுநேரம் கழித்துத்தான் சவுரிராயன் கேட்டைத் திறந்தான்.

விழுப்புரம் என்று அவன் சொன்னது ஊரை அல்ல. ஊருக்குள் அவன் போனதே கிடையாது. அவனுக்கு விழுப்புரம் என்றால் ஸ்டேஷன். அதன் நீளமான பிளாட்பாரங்கள், மூன்றாம் வகுப்புப் பயணிகள் தங்கும் கொட்டகை, எஞ்சினுக்குத் தண்ணீர் விடுகிற குழாய், அவ்வளவுதான். உலகத்தில் ஒருவன் எதை வேண்டுமானாலும் நேசிக்கலாம். வண்டி மாற்றுகிற இடத்தை நேசிப்பதற்கு மட்டும் கொஞ்சம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் அவனுடைய அப்பா அமிர்தசாமி. அதே கேட்டில் அவனுக்கு முன்பு கேட்டுக்காரராக இருந்தவர். சேரியில் காணி நிலம் இல்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்ட மனிதர். ரயில்வேயில் ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர பாஸ் கொடுப்பார்கள். அமிர்தசாமி ஒவ்வொரு கோடையிலும் நாகப்பட்டினத்துக்குப் பாஸ் எழுதி வாங்குவார். அங்கிருந்து வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்பது திட்டம். மனைவி செபஸ்தியம்மாள் கேப்பை ரொட்டி சுட்டு, மல்லாட்டைக் கடலையை வேகவைத்து, மெழுகுவத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்வாள். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரிக் கிளம்புவார்கள்.

விழுப்புரம் வரை தகராறு கிடையாது. ஒரே தண்டவாளம். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அங்கேதான் வம்பு. அங்கே தண்டவாளம் ஐந்து வழியாகப் பிரிகிறது. மெட்ராஸ் ஒரு பக்கம், திருச்சிராப்பள்ளி ஒரு பக்கம், கடலூர் வழியாக மாயவரம் ஒரு பக்கம், பாண்டிச்சேரி, காட்பாடி. அமிர்தசாமி காக்கிச் சட்டையோடு பிளாட்பாரத்தில் நின்று போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பார்ப்பார்.

"யாரனா ஒருத்தரக் கேளுங்களேன்," என்பாள் செபஸ்தியம்மாள்.

"அடிப் போடி. ரயில்வேக்காரன் போயி, ஏங்க எந்த வண்டி எங்க போவுதுன்னு கேட்டா சிரிக்க மாட்டான்? அடுத்த வண்டி வரட்டும், பாத்துக்கலாம்."

அடுத்த வண்டியும் வரும், போகும். மூன்று நாள் இப்படிப் பார்த்துக்கொண்டே கழியும். மூன்றாம் நாள் செபஸ்தியம்மாள் பிளாட்பாரத்தின் கோடியில், கிழக்கு என்று தோன்றிய திசையைப் பார்த்து முட்டி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, "தாயே, இங்கேருந்தே ஏத்துக்க. இந்த மனுசனோட உன்னாண்ட வந்து சேர முடியாது," என்று ஜெபம் சொல்வாள். பெட்டி தூக்கி வரும் போர்ட்டர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பிறகு எல்லோரும் திண்டிவனம் வண்டியில் ஏறி வீடு திரும்புவார்கள்.

அந்த மூன்று நாள்தான் சவுரிராயனின் சொர்க்கம். யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கிய அந்தப் பெரிய குழாயில் எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதும் மிச்சத் தண்ணீர் கொஞ்ச நேரம் கொட்டும். பிள்ளைகள் ஓடிப்போய் அதற்கடியில் நிற்பார்கள். சாப்பாட்டு வேளையில் குடும்பமே ஸ்டேஷன் ஓட்டலுக்குக் காற்றுவாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே உட்கார அவர்கள் சாதிக்கு இடமில்லை. வாசனை வெளியே வருவதை யாரும் தடுக்கவில்லை. கேப்பை ரொட்டியை மென்றுகொண்டே இன்றைக்கு உள்ளே என்ன குழம்பு என்று பந்தயம் கட்டுவார்கள். செபஸ்தியம்மாள் கத்தரிக்காய் என்றால் கத்தரிக்காயாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். சரிபார்க்க வழியில்லாததால் அவள் ஒருநாளும் தோற்றதில்லை.

இதில் இன்னொரு விஷயம். விழுப்புரம்தான் வேளாங்கண்ணி என்று சவுரிராயன் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். அம்மா அங்கேதானே மெழுகுவத்தி ஏற்றினாள்? மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள், வேளாங்கண்ணி போய்வந்தவன் எழுந்து நின்று சொல்லட்டும் என்றார். சவுரிராயன் எழுந்தான்.

"பெரிய எடங்க ஐயா. எப்பப் பாத்தாலும் கூட்டம். மணி அடிச்சிக்கினே இருப்பாங்க."

"ஆமா, ஆமா. மாதாவப் பாத்தியா?"

"பாக்கலீங்க. மாதா வேற வண்டியில போயிடுச்சாம்."

வாத்தியார் அடிக்கவில்லை. பிரம்பைக் கையில் எடுத்தார், சிரிப்பு வந்துவிட்டது, வெளியே போய்விட்டார். உண்மை தெரிந்த பிறகும் சவுரிராயனுக்குப் பெரிய ஏமாற்றம் ஒன்றும் இல்லை. வேளாங்கண்ணி தனியாக வேறு எங்கோ இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், விழுப்புரம் விழுப்புரம்தானே என்று இருந்துவிட்டான்.

அப்பாவுக்குப் பிறகு கேட்டு வேலை அவனுக்கு வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாள். கோயில் உபதேசியார் ஒருவர் ஒரு பெண் சம்பந்தம் கொண்டுவந்தார். "பொண்ணு விழுப்புரம்," என்று ஆரம்பித்தவர் மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறம் என்ன, வயசு என்ன, அண்ணன் தம்பி எத்தனை பேர், எதையும் சவுரிராயன் கேட்கவில்லை. சரி என்றான்.

கிறிஸ்தவர்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பூசை முடிந்து சாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி, இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருக்கும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று படிப்பார். "விழுப்புரம் பங்கைச் சேர்ந்த இருதயமேரி" என்று திண்டிவனம் கோயிலில் படித்தபோது சவுரிராயனுக்குக் காது குளிர்ந்தது. "திண்டிவனம் பங்கைச் சேர்ந்த சவுரிராயன்" என்று அந்தப் பக்கத்துக் கோயிலில் படித்தபோது இருதயமேரிக்கும் அப்படித்தான். திண்டிவனத்தில் கடைத்தெரு உண்டு, டூரிங் கொட்டகை வந்து போகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். பங்கு என்றால் ஒரு சாமியாரின் கீழ் வருகிற அத்தனை கிராமங்களும் சேர்ந்தது என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தங்கள் விஷயத்தில் மட்டும் தோன்றவில்லை.

கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. கோயிலையும் கடைத்தெருவையும் பார்த்து இருதயமேரிக்குத் திருப்தி. மாலையோடு மாட்டு வண்டியில் உட்கார்ந்தார்கள். வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. ஏரியைத் தாண்டியது. வயல் வந்தது, பிறகும் வயலே வந்துகொண்டிருந்தது.

"திண்டிவனம் இன்னும் வரலியா?" என்றாள் மெதுவாக.

"அது அப்பவே போயிடுச்சே."

அவனுக்கு ஒரு கேள்வி நெடுநாளாக நெஞ்சில் இருந்தது. அதைக் கேட்டான்.

"விழுப்புரத்துல உங்க வூடு எந்தப் பிளாட்பாரத்துக்குக் கிட்ட?"

"இன்னாது? எங்க ஊரு ஏரிப்புதூரு. டேசன்லேர்ந்து மாட்டு வண்டியில அரை நாளு போவணும். வெளியூர்ல கேட்டா விழுப்புரம்னு சொல்லிக்கறது."

"அப்ப நீ விழுப்புரத்தப் பாத்ததே இல்லியா?"

"நேத்து வரச்சே அங்கதான் ரயிலு ஏறினோம். அழுதுக்கினு இருந்தேன், எதையும் பாக்கல."

விழுப்புரத்தில் போய் ஒருத்தி அழுதாள் என்பதை நம்ப அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

இப்படி இரண்டு பேரும் ஏமாந்ததில் கணக்கு நேராகிவிட்டது. ஆகையால் குடும்பம் சுமுகமாகவே நடந்தது. யுத்தத்தினால் பாஸ் வாங்குவது தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. யுத்தம் முடிந்த வருஷம் அவர்களுடைய ஆடு காணாமல் போயிற்று. இருதயமேரி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஆடு மறுநாளே, தானாகவே நடந்து, வந்துவிட்டது.

"இன்னா நேந்துக்கின?" என்றான் சவுரிராயன்.

"மொட்ட."

"பொம்பள மொட்ட போட்டா நல்லாவா இருக்கும் மேரி?"

"எனக்கு எதுக்கு? உனக்குத்தான்."

"என் தலைய யாரக் கேட்டு நேந்த?"

"ஆடு உன்னுது இல்லியா?"

சவுரிராயன் நாகப்பட்டினத்துக்குப் பாஸ் வாங்கினான். வாங்கும்போதே மனசு விழுப்புரத்தில் இறங்கிவிட்டது. அவளுக்கு எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் காட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினான். இருதயமேரிக்கு மாமியார் மூலம் பழைய கதையெல்லாம் தெரியும்.

"இந்தா பாரு," என்றாள் கிளம்புகிற அன்று. "உங்க அப்பா மாதிரி விழுப்புரத்துலயே குந்திக்கினா, நான் அங்கேருந்து எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் நீ வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். மாதா மேல ஆணை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் மூட்டை கட்டிய விதத்திலேயே தெரிந்தது. நல்ல புடவைகள் எல்லாம் உள்ளே போயிருந்தன. கேட்டைப் பார்த்துக்கொள்ள ராயப்பன் என்ற கூலியாளை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

விழுப்புரம். பட்டாளத்திலிருந்து திரும்புகிறவர்களின் கூட்டம். சவுரிராயன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

"இதான் ஆனைக்குழா!"

"தண்ணிக் குழா."

"இங்கதான் நாங்க படுப்போம்!"

"தரை."

"மோந்து பாரு. இன்னிக்கு இன்னா கொழம்புன்னு சொல்லு!"

"யோவ், வண்டி எது? ஜல்தியா சொல்லு. யாரனா போர்ட்டரக் கேளேன்."

அவன் திகைத்து நின்றான். விழுப்புரத்தில் எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். நாகப்பட்டினம் வண்டி எங்கே நிற்கும் என்பது மட்டும் தெரியாது. ஒருமுறைகூட அதில் ஏறியதில்லையே! கேட்பதென்றால் யாரைக் கேட்பது? தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு அடுப்பங்கரை எங்கே என்று அடுத்தவனைக் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"விழுப்புரத்துல நானு போயி கேக்கறதா? இன்னாமே பேசற?"

எதிரே ஒரு வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து வாடை குப்பென்று அடித்தது. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, கருவாடு! கடலுக்குப் போற வண்டின்னு இதுலேர்ந்தே தெரியல? ஏறு, ஏறு."

கருவாடு கடலோரத்திலிருந்து வருமே தவிரக் கடலோரத்துக்குப் போகாது என்பது முண்டியம்பாக்கம் வந்தபோது அவனுக்கு லேசாக உறைத்தது. விக்கிரவாண்டிப் பலகையைப் படித்தபோது முழுதாக உறைத்தது. வண்டி மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருதயமேரி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பினால் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பதில், வண்டி எங்காவது வளைந்து திரும்பிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தான். டிக்கெட் பரிசோதகர் வந்து இறக்கிவிட்டாலாவது ஒரு வழி பிறக்கும். அவரும் வரவில்லை. திண்டிவனம் வந்தது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வேளாங்கண்ணிக்கு என்று அழைத்து வந்தவளைத் திண்டிவனத்தில் எப்படி எழுப்புவது?

அவர்களுடைய கேட்டை நெருங்கியதும் எஞ்சின் ஊதியது. அந்த இடத்தில் அந்த ஊதலுக்குத் திடுக்கிட்டு எழுவது இருதயமேரிக்குப் பழக்கம். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"நம்ம கேட்டு மாதிரியே ஒரு கேட்டுய்யா!"

"ம்."

"பச்சக் கொடி புடிச்சிக்கினு நிக்கறவன் ராயப்பன் அண்ணன் மாதிரியே கீறான்."

"ஒலகத்துல ஏழு பேரு ஒரே மாதிரி இருப்பாங்களாம்."

"நம்ம ஆடு மாதிரியே..." என்றவள் நிறுத்தினாள். ஆடு இவர்களைப் பார்த்துக் கத்தியது. ராயப்பன் வாயைப் பிளந்தபடி கொடியைத் தாழ்த்திவிட்டான். "யோவ்! அது நம்ம ஆடுய்யா!"

ஒலக்கூரில் இறங்கித் தண்டவாளத்தோரமாக வீடு வந்து சேரும்வரை அவள் அவனுக்கு முன்னாலேயே நடந்தாள். வந்ததும் மூட்டையை அவிழ்க்காமல் வாசலில் வைத்தாள்.

"காலையில எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

"அதுக்கும் விழுப்புரத்துல எறங்கித்தான் போவணும்," என்றான் சவுரிராயன். துக்கமாகச் சொல்லத்தான் நினைத்தான். குரலில் கொஞ்சம் சந்தோஷம் கலந்துவிட்டது. அதை அவள் கேட்டுவிட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் விழுப்புரத்தில் இறங்கியதும் இருதயமேரி முதலில் வந்த போர்ட்டரை நிறுத்தினாள். அரங்கநாதன் என்பது அவர் பெயர்.

"அண்ணே, நாகப்பட்டணம் போற வண்டி எதுங்க?"

"தோ, நிக்குதேம்மா."

அது நின்றது சவுரிராயன் குடும்பம் ஆண்டுதோறும் படுத்துக் கிடந்த பிளாட்பாரத்துக்கு நேர் எதிரே. கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாக் காலமாதலால் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டம் காவித் துணியோடு அதில் ஏறிக்கொண்டிருந்தது. இருதயமேரி அவர்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நேர்த்திக்கடனை முடித்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

"நானும் வர்றேன் மேரி," என்றான் அவன்.

"வாணாம். நீ வந்தா வண்டி போய்ச் சேராது. மயிர மட்டும் குடு."

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு நாவிதர் இருந்தார். சவுரிராயன் குனிந்து உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் நின்று, ஒரு முடிகூடக் காற்றில் போகாமல் துண்டில் வாரிக் கட்டினாள்.

"வர்றச்சே இங்க எறங்கி நேரா அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். வாசல்லயே வண்டி கெடைக்கும். நீ உன் விழுப்புரத்தோடவே குடும்பம் பண்ணு."

துண்டில் கட்டிய அவனுடைய தலைமுடி வேளாங்கண்ணிக்குக் கிளம்பிப் போயிற்று. அந்தக் குடும்பத்திலிருந்து விழுப்புரத்தைத் தாண்டிய முதல் சங்கதி அதுதான்.

சவுரிராயன் கொட்டகையில் துண்டை விரித்தான். இனி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வேண்டியமட்டும் விழுப்புரம். ஆனைக்குழாயடியில் போய் நின்றான். வளர்ந்த ஆள் மொட்டைத் தலையோடு அங்கே நிற்பதைப் பார்த்து எஞ்சின்காரர் திட்டினார். சாப்பாட்டு வேளையில் காற்றுவாக்கில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். முருங்கைக்காய் என்று தோன்றியது. இல்லை என்று சண்டைக்கு வர ஆளில்லை. அரங்கநாதன் அந்தப் பக்கமாக வந்தபோது தாங்க மாட்டாமல் கூப்பிட்டான்.

"அண்ணே, பாத்தீங்களா, இங்கேருந்து பாத்தா அஞ்சு கோடும் பிரியறது தெரியும்!"

"தெனமும் பாக்கறேன். பெட்டி தூக்கிப் பாரு, பேஜாரு தெரியும். உனக்கு வூடு கெடையாதா?"

அன்றும் மறுநாளும் ஈ மொய்த்தது. வெயில் புதிய மொட்டையில் நன்றாக இறங்கியது. அந்த பட்லர் சொன்னதில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்து, உடனே பயந்துபோய் அந்த நினைப்பை விரட்டினான். நாகப்பட்டினத்திலிருந்து வண்டி வரும்போதெல்லாம் ஓடிப்போய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தான். கூட்டத்தில் அவளைத் தவறவிட்டிருப்போமோ, வாசலில் வண்டி பிடித்து ஏரிப்புதூர் போய்விட்டிருப்பாளோ என்று ஒவ்வொரு முறையும் வாசலுக்கும் போய் எட்டிப் பார்த்தான். இப்படிக் காத்திருப்பதைவிட அவள் இருக்கிற இடத்துக்கே போய்விடலாம் என்று தோன்றியது. தோன்றியதும் அரங்கநாதனிடம் போனான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, நாகப்பட்டணம் வண்டி எதுங்க?"

அரங்கநாதன் சிரிக்கவில்லை. கையை நீட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதானா என்று சவுரிராயனுக்கு இருந்தது. அப்பா உயிரோடு இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான்.

பாஸ் அவளிடம் இருந்தது. டிக்கெட்டும் எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறினான். வண்டி ஊதியது. மொட்டைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விழுப்புரத்தைப் பார்த்தான். அப்போதுதான் எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து திருவண்ணாமலைக் கூட்டம் இறங்கியது.

"யோவ் மொட்ட!"

வேப்ப மரத்துப் பக்கமாக, வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த இருதயமேரி திரும்பி நின்று கத்தினாள். "எங்கய்யா போற? அது நாகப்பட்டணம் வண்டிய்யா!"

"தெரியும்! கேட்டுக்கினுதான் ஏறினேன்!"

"யார?"

"போர்ட்டர!"

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். "நீயா கேட்ட? இங்கயா?"

"உன்னத் தேடிக்கினுதான்..."

வண்டி நகர ஆரம்பித்தது. சவுரிராயன் குதித்தான். அரங்கநாதன் ஓடிவந்து பிடித்திராவிட்டால் மொட்டையில் தையல் விழுந்திருக்கும். அவர் கண்டபடி திட்ட, இருதயமேரி அவருக்குப் போட்டியாகத் திட்ட, நடுவில் கார்டும் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போக, இந்த அமளியில் எதிர்ப்பக்கம் நின்ற திண்டிவனம் வண்டியும் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது. வாசலில் ஏரிப்புதூர் போகிற மாட்டு வண்டிக்காரன் இன்னும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது கேட்டது. சவுரிராயன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருதயமேரி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"திண்டிவனத்துக்கு அடுத்த வண்டி எப்ப?"

"சாயங்காலம் ஒண்ணு இருக்குது. எதுக்கும் கேட்டுக்கினு வர்றேன்."

"கேக்கலாம், இரு. மூணு நாளா அலைஞ்சிக்கினு இருந்தேன், காலு வலிக்குது." அவள் காலை நீட்டிச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "அன்னிக்கு என்னமோ காட்டறேன்னு இழுத்துக்கினு ஓடினியே. மெதுவாக் காட்டு. மொதல்ல எது?"

சவுரிராயன் ஒரு கையால் குழாயையும் மறு கையால் கொட்டகையையும் காட்டினான். ஓட்டலைக் காட்டக் கை இல்லை. கடைசியில் அவள்தான் எழுந்து, மூட்டையை அவன் மொட்டைத் தலையில் ஏற்றிவிட்டு, தண்ணீர்க் குழாய் இருந்த பக்கமாக முன்னே நடந்தாள்.